ஆம்பூரில் இருண்டுபோன துளிகள்

பினாங்கிலிருந்து நான் ஆம்பூருக்குக் கொண்டுபோனது இரண்டு வட்டக் கண்ணாடிகள். பிஸ்கட் டப்பாவுக்குள் பஞ்சு வைத்து, அதைச் சட்டைக்குள் சுற்றி, சட்டையைப் பைக்குள் திணித்து எடுத்துப்போனேன். சென்னை விமான நிலையத்தில் டப்பாவைத் திறந்து பார்த்த அதிகாரி, "கூலிங் கிளாஸா? ஃபிரேம் எங்க?" என்று கேட்டார். மைக்ராஸ்கோப்பில் போடுவது என்றேன். "நீங்க டாக்டரா?" என்றார். இல்லை, பாத்திரம் கழுவுகிறவன் என்றேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

உண்மையைத்தான் சொன்னேன். மலேசியாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பாதி எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, லாரி கிளீனர், சிங்கப்பூரில் சாரம் கட்டுகிறவன், சரக்குக் கப்பலில் சமையல்காரன் என்று சுற்றிவிட்டு இப்போது ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிறேன். அங்கேதான் நஸீமா பழக்கமானாள். ஆம்பூர்ப் பெண். ஊர்ப்பக்கக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்கிறவள், மூன்று மாதப் பயிற்சிக்காக எங்களிடம் வந்திருந்தாள். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் தான் செய்வதையெல்லாம் எனக்கு விளக்குவாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். டி.என்.ஏ. என்பது நம் உடம்பில் இருக்கிற நூல். அதைக் குட்டிக் குட்டித் துண்டாக, விறைப்பான குச்சி மாதிரிச் செய்து வாங்கலாம். பெப்டைடு என்பது புரதத்தின் சிறு துணுக்கு. ஒன்றின் மின்சாரம் எதிர், மற்றதன் மின்சாரம் நேர். தண்ணீரில் இரண்டையும் சேர்த்தால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, ரசத்தின் மேல் எண்ணெய் பிரிவது போலத் தனித் துளிகளாகப் பிரிந்து நிற்கும். சில சமயம் துளிக்குள் அந்தக் குச்சிகள் கண்டபடி கிடக்காமல், தீப்பெட்டிக்குள் அடுக்கியது போல ஒரே திசையில் சாய்ந்து வரிசைகட்டும். அப்போதும் அது திரவம்தான், ஓடும், உருளும். ஆனால் படிகத்தின் ஒழுங்கு இருக்கும். திரவப் படிகம் என்று பெயர். உயிர் உண்டாவதற்கு முன்னால் சேற்றுக் குட்டைகளில் இப்படித்தான் மூலப்பொருள்கள் ஒன்றுகூடியிருக்குமோ என்று சந்தேகப்படுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். நஸீமா அவர்களில் ஒருத்தி.

வரிசை இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த இரண்டு கண்ணாடிகள். ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பி வைத்தால் விளக்கு அணைந்த மாதிரி எல்லாம் இருட்டாகிவிடும். குச்சிகள் வரிசையாக நிற்கிற துளி மட்டும் அந்த இருட்டிலும் ஒளிரும். பினாங்கில் எனக்குக் காட்டினாள். நான் பார்த்தேன். "உப்பு மட்டும் அளவா இருக்கணும்ண்ணா. கொஞ்சம் ஜாஸ்தி ஆனா துளி இருக்கும், வரிசை கலைஞ்சிடும். அப்புறம் வெறும் இருட்டு" என்றாள். கப்பலில் நாற்பது பேருக்குக் குழம்பு வைத்தவனுக்கு இதைச் சொல்லவா வேண்டும்.

ஊர் திரும்பிய பிறகு அவளுக்குத் துளிகள் வந்தன, ஒளி வரவில்லை. நான்கு மாதம். அவளுடைய துறைத் தலைவர், பினாங்கில் எடுத்த படங்கள் "சந்தேகத்துக்குரியவை" என்று கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டார். வேறு யாருடைய படத்தையோ எடுத்துத் தன்னுடையது என்கிறாள் என்று அர்த்தம். வரும் புதன்கிழமை குழு கூடும். அன்றைக்கு ஒளியைக் காட்டாவிட்டால் அவளுடைய ஆராய்ச்சிப் பதிவு ரத்து. கல்லூரிக் கண்ணாடிகள் பழையவையாக இருக்கலாம், நம்முடையதை அனுப்பலாம் என்றார் பினாங்கு ஆய்வுக்கூடத்தை நடத்தும் எங்கள் டாக்டர். எனக்கு விடுப்பு சேர்ந்து கிடந்தது. ஒரே ஊரில் இரண்டு வருடம் இருந்துவிட்டால் எனக்குக் கால் அரிக்கும். நானே போகிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை, சென்னையிலிருந்து ஏறிய பஸ் மேல்விஷாரத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. டயர் பஞ்சர் இல்லை, இன்ஜின் கோளாறு இல்லை. கண்டக்டருக்கும் ஒரு பயணிக்கும் சண்டை. பயணி தோல் கம்பெனிச் சாம்பிள் மூட்டையைக் காலடியில் வைத்திருந்தார். நாற்றம் தாங்கவில்லை, இறக்கு என்றார் கண்டக்டர். "உங்க கால்ல போட்டுக்கினு கீற ஷூ இன்னா பூவுல செஞ்சதா?" என்று மூட்டைக்காரர் கேட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டருக்கு ரோஷம் வந்து விசிலை ஊத மறுத்துவிட்டார். அரை மணி நேரம் வெயிலில் நின்றோம். எங்கள் ஊரில் பஸ்ஸுக்குள் டுரியான் என்கிற நாற்றப் பழம் கொண்டுவரக் கூடாது என்று படம் போட்டு ஒட்டியிருப்பார்கள், அதோடு விஷயம் முடிந்தது. இங்கே எல்லாவற்றையும் பேசித் தீர்க்கிறார்கள். மூட்டைக்காரரே பெட்டிக்கடையிலிருந்து மக்கன்பேடா வாங்கிவந்து கண்டக்டருக்கு ஒன்று, எனக்கு ஒன்று கொடுத்தார். கண்டக்டர் வாயில் இனிப்போடு விசில் ஊதினார்.

ஆம்பூரில் இறங்கியதும் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. உப்பு. துண்டு காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. இதைவிட மோசமான தண்ணீரில் குளித்திருக்கிறேன், ஆனால் அது கடல். இங்கே பக்கத்தில் பாலாறு என்று ஒன்று இருப்பதாகப் பலகை சொல்கிறது.

சனிக்கிழமை காலை கல்லூரிக்குப் போனேன். நஸீமா இளைத்திருந்தாள். "வாங்கண்ணா" என்றவள் என்னை உட்காரச் சொல்வதற்கு முன் டப்பாவைப் பார்த்தாள். ஆய்வுக்கூட உதவியாளர் எத்திராஜ் கண்ணாடிகளைத் துடைத்துக் கொடுத்தார். ஐம்பது வயதுக்காரர், காக்கிச் சட்டை, பதினோரு வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறவர். நஸீமா தகட்டில் ஒரு சொட்டு விட்டு, கண்ணாடிகளைப் பொருத்தி, குறுக்காகத் திருப்பி, குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னாள்.

இருட்டு. கண்ணாடியைத் திருப்பினால் துளிகள் உருண்டை உருண்டையாக இருந்தன. குறுக்கே வைத்தால் ஒன்றுமில்லை.

"பெப்டைடு புதுசு. தண்ணி மாத்திட்டேன். தகடெல்லாம் மாத்திட்டேன். இப்ப இதுவும் மாத்தியாச்சு" என்றாள். டி.என்.ஏ. மட்டும்தான் பழையது. பினாங்கிலிருந்து கட்டைவிரல் அளவுச் சீசாவில் கரைத்துக் கொண்டுவந்தது. புதிதாக வாங்கத் துறைத் தலைவர் கையெழுத்துப் போடவில்லை. முதலில் நிரூபி, பிறகு வாங்கு என்றாராம். இருப்பதை வைத்து நிரூபிக்க முடியாததால்தானே புதிது கேட்கிறாள்? இந்தக் கேள்விக்கு என்னுடைய பாதி எட்டாம் வகுப்பே போதும்.

அந்த நேரத்தில் அவரே வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் போன்.

"இன்னாம்மா, மலேசியாலேந்து மந்திரக் கண்ணாடி வந்திருக்காமே? தெரியுதா எதனா?"

"இன்னும் இல்ல சார்."

"இன்னும்" என்று அவர் எத்திராஜைப் பார்த்துச் சிரித்தார். எத்திராஜ் சிரிக்கவில்லை. பிறகு என்னிடம், "நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?" என்றார்.

"கண்ணாடி கழுவுறேன் சார். அங்க இந்தப் பொண்ணு செஞ்சப்ப நான் என் கண்ணால பார்த்தேன். ஒளி வந்துச்சு."

"எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

சொன்னேன்.

"அப்ப உங்க கண்ணு பாத்தது கணக்குல வராது. ஊரைச் சுத்திப் பாருங்க. பிரியாணி சாப்பிடுங்க." போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மைக்ராஸ்கோப் அவருக்கு ஓரடி தூரத்தில் இருந்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை. நஸீமா திரும்பி வந்த நான்கு மாதத்தில் ஒருநாளும் குனிந்ததில்லை என்று எத்திராஜ் சொன்னார். சிங்கப்பூரில் எங்கள் மேஸ்திரி படிப்பில்லாதவர், வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. ஆனால் ஒரு முடிச்சு சரியில்லை என்று சொல்வதற்கு முன் சாரத்தின் மேல் ஏறி அந்த முடிச்சைக் கையால் தொட்டுப் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை நஸீமா வீட்டில் சாப்பாடு. சீரகச் சம்பா அரிசி, இறைச்சி, பக்கத்தில் புளிப்பாக எண்ணெய்க் கத்தரிக்காய். பினாங்கில் நாசி கண்டார் சோற்றுக் கடையில் எல்லாக் குழம்பையும் ஒரே தட்டில் ஊற்றிக் குளமாக்கித் தருவார்கள், அதற்குப் பழகிய நாக்கு எனக்கு. இங்கே ஒவ்வொரு பருக்கையும் தனியாக நிற்கிறது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிடும்போது அவளுடைய அம்மாவும் மாமாவும் உள்ளறையில் உருதுவில் பேசினார்கள். நஸீமா எனக்குத் தண்ணீர் ஊற்றியபடியே, குரலை மாற்றாமல், அதைத் தமிழில் சொன்னாள்: "மாமா சொல்றாரு, ஷூ கம்பெனில குவாலிட்டி செக்‌ஷன்ல சொல்லி வெச்சிருக்கேன், வியாழக்கிழமை வரச் சொல்லுங்கன்னு. அம்மா சொல்றாங்க, வேலைக்குப் போறது தப்பில்ல, பொய்க்காரின்னு பேர் எடுத்துக்கினு போறதுதான் தப்புன்னு. மாமா சொல்றாரு, தோலுக்குப் பேர் தெரியாதுன்னு."

"நீ என்ன சொல்ற?"

"புதன்கிழமை வரைக்கும் நான் ஒண்ணும் சொல்லலண்ணா. இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய்?"

திங்கட்கிழமை கல்லூரியில் எனக்கு வேலையில்லை, குழாய் கழுவ அங்கே ஆள் உண்டு. எத்திராஜுக்கு மதியம்தான் பணி. "வாங்கண்ணா, நான் மொதல்ல வேலை செஞ்ச எடத்தக் காட்றேன்" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் செயின் கழன்றது. மாட்டினார். மறுபடி கழன்றது. "தோஸ்த், இன்னிக்கி இன்னா கோவம் உனக்கு?" என்று பைக்கிடம் பேசிக்கொண்டே தள்ளினார். நானும் பின்னால் தள்ளினேன். கடைசிக் கிலோமீட்டரை நடந்தே முடித்தோம்.

அது ஒரு தோல் மண்டி. ஆட்டுத் தோல்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. இரண்டு பேர் ஒவ்வொரு தோலையும் விரித்து, கல்லுப்பை அள்ளி வீசி, உள்ளங்கையால் தேய்த்து, அடுத்த தோலை மேலே போட்டார்கள். விரித்தல், வீசுதல், தேய்த்தல். எத்திராஜ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பத்துத் தோல் தேய்த்துக் காட்டினார். கை மறக்கவில்லை.

"லாரி வராம போலாம், கரண்டு போலாம், மழை பெய்லாம். உப்பு பட்டுச்சுன்னா தோலு கெடாது. எங்க ஊர்ல எது அழுவிப்போற மாதிரி இருந்தாலும் கை மொதல்ல உப்புக்குத்தான் போவும்" என்றார். பிறகு சாதாரணமாக, "நஸீமா பாப்பாவோட சீசாவக் கூட அப்படித்தான் காப்பாத்தினேன்" என்றார்.

எந்தச் சீசா என்று கேட்டேன்.

"அந்த டி.என்.ஏ. பாப்பா மலேசியாலேந்து வந்த மறுவாரம். ஞாயித்துக்கெழம. டிரான்ஸ்பார்மர் வெடிச்சி ஒம்போது மணி நேரம் கரண்டு இல்ல. ஃபிரிட்ஜ்ல ஐஸெல்லாம் உருகிப்போச்சு. ஜெனரேட்டர் கீது, சாவி சாரு டேபிள் உள்ள. ரூமப் பூட்டிக்கினு போய்ட்டாரு. போன் பண்ணேன். எடுத்தாரு. நாளைக்கிப் பாத்துக்கலாம், ஒண்ணும் ஆவாதுன்னு வெச்சிட்டாரு. பாப்பா அன்னிக்கி தங்கச்சி நிக்காஹ்ல இருந்துச்சு, அத்தக் கூப்ட்டு பேஜார் பண்ணலாமா? டி.என்.ஏ.ன்னா ஒடம்புல இருக்கறதுதானே, அழுவிப்போச்சுன்னா? ரெண்டு வெரல்ல கிள்ளிப் போட்டேன். கல்லுப்பு இல்லண்ணா, லேப்ல வெச்சிருக்கற சுத்தமான உப்பு. எனக்குத் தெரியாதா?"

நான் உப்பு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உப்பு கூடினால் துளிக்குள் வரிசை கலைந்துவிடும், ஒளி வராது என்று சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. "உப்பு எதனா கெடுக்குமாண்ணா?" என்றார். இரண்டாவது தடவை சொன்னதும் முகம் மாறியது. கையிலிருந்த உப்பைச் சட்டையில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். திரும்பும்போது பைக்கைத் தள்ள நான் சேர்ந்தது கூட அவருக்குத் தெரியவில்லை. கல்லூரி வாசலில், "பாப்பாகிட்ட நானே சொல்றேன்" என்று மட்டும் சொன்னார்.

சொன்னார். நஸீமா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். நான் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சீசாவை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "நாலு மாசம்" என்றாள். "நாலு மாசமா என்னக் கேக்காதவங்க இல்ல. உங்கள யாருமே கேக்கல. நானும் கேக்கல." பிறகு உப்பை அளக்கிற கருவியைத் தேடப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் செய்தது சமையற்கட்டில் எவரும் செய்வதுதான். உப்பு கூடிவிட்டது, தண்ணீர் விட்டாள். அளந்து, கணக்குப் போட்டு, சொட்டுச் சொட்டாக. டி.என்.ஏ.வும் சேர்ந்து நீர்த்துவிடாதா என்று கேட்டேன். "துளி கம்மியா வரும். ஆனா வர்ற துளிக்குள்ள நெருக்கம் கிட்டத்தட்ட அதேதான் இருக்கும், அது தானா இழுத்துக்கும்" என்றாள். மூன்றாவது கலவையைத் தகட்டில் விட்டுக் கண்ணாடிகளைக் குறுக்கே திருப்பினாள். குனிந்தவள் நிமிரவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி எத்திராஜை அழைத்தாள்.

எத்திராஜ் முதலில் பார்த்தார். பிறகு நான். கறுப்புத் தரையில் பத்துப் பன்னிரண்டு சிறு விளக்குகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கறுப்புக் கூட்டல் குறி. இரண்டு துளிகள் உருண்டு வந்து முட்டி, சற்றுத் தயங்கி, ஒன்றாகின. ஒன்றானதும் கூட்டல் குறி கலைந்து, மெல்ல மறுபடி நடுவில் வந்து நின்றது. பினாங்கில் நான் பார்த்ததேதான்.

"எத்திராஜ் அண்ணா, நாளைக்கி நீங்க வாயத் தொறக்காதீங்க. சீசா என்னுது, என் பொறுப்புன்னு சொல்லிடறேன். உப்பு போட்டது நீங்கன்னு தெரிஞ்சா அந்தாளு ஒப்பந்தத்தக் கிழிச்சிடுவாரு" என்றாள் நஸீமா.

"அப்ப உம்மேல பழி வராதாம்மா?"

"இருக்கற பழிக்கு இது கம்மி."

புதன்கிழமை பத்து மணிக்குக் குழு கூடியது. துறைத் தலைவரோடு இரண்டு பேர்: வேறொரு கல்லூரியிலிருந்து வந்து, வந்த நேரம் முதல் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பேராசிரியர், சென்னையிலிருந்து வந்த பேராசிரியை அம்மையார். கண்ணாடிகளைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று அந்த அம்மையார் சொன்னதால் என்னையும் மூலையில் நிற்கவைத்தார்கள்.

நஸீமா முதலில் இருண்ட துளிகளைக் காட்டினாள். பிறகு எல்லார் முன்னாலும் தண்ணீர் விட்டாள், ஒளிர்ந்ததைக் காட்டினாள். அம்மையார் குனிந்து பார்த்து, "அட" என்றார். மறுபடி பார்த்தார். கடிகாரப் பேராசிரியர் கூட ஐந்து நிமிடம் கடிகாரத்தை மறந்தார். துறைத் தலைவர் நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்தார்.

"சார், நீங்க?" என்றார் அம்மையார்.

"நீங்க பாத்தா போதும் மேடம். எனக்கு ஒரே கேள்வி. ஏம்மா, உப்பு எப்படி உள்ள வந்துச்சு?"

"சீசா என் பொறுப்பு சார்."

"அப்ப கவனக்குறைவு. நாலு மாசமா தன் சீசாவுல இன்னா இருக்குன்னே தெரியாதவங்க. இவங்கள நம்பி எப்படிப் பதிவை நீட்டிக்கிறது மேடம்? ரத்துன்னே எழுதிக்கலாம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. பொய்க்காரி என்று சொல்ல வழியில்லை என்றதும் இரண்டு மூச்சுக்குள் கவனமில்லாதவள் ஆக்கிவிட்டார். பழைய குற்றச்சாட்டுக்கு ஒரு வருத்தம்? அது அவருடைய வாயிலேயே இல்லை. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது, நல்லதாக இருந்திருக்காது.

அதற்குள் டீத் தட்டோடு வந்திருந்த எத்திராஜ் தட்டை மேசைமேல் வைத்தார்.

"நான்தான் சார் போட்டேன்."

"இன்னாது?"

"உப்பு. சீசா கெட்டுடக் கூடாதுன்னு நான்தான் கிள்ளிப் போட்டேன்."

துறைத் தலைவர் எழுந்துவிட்டார். "உன்ன யாருய்யா தொடச் சொன்னது? கிளாஸ் கழுவுற வேலையக் குடுத்தா சயின்டிஸ்ட் வேலை பாப்பியா? நாளையிலேந்து வராத. போ!"

எத்திராஜ் போகவில்லை. "போறேன் சார். ஒம்போது மணி நேரம் கரண்டு இல்ல சார். உங்களுக்கு போன் பண்ணேன். ஜெனரேட்டர் சாவி உங்க டேபிள்ல கீதுன்னு சொன்னேன். நாளைக்கிப் பாத்துக்கலாம்னீங்க. நாளைக்கி வரைக்கும் அது தாங்குமான்னு எனக்குத் தெரியல சார். அதான் போட்டேன்."

அம்மையார் பேனாவை மேசையில் வைத்தார். டீயில் ஆடை படிந்தது.

"இதெல்லாம் மினிட்ஸ்ல எதுக்கு மேடம்" என்றார் துறைத் தலைவர். குரல் அரை ஸ்தாயி இறங்கியிருந்தது.

"காரணம் எழுதணுமே சார். ரத்துன்னு எழுதினாலும் காரணம், நீட்டிப்புன்னு எழுதினாலும் காரணம்" என்றார் அம்மையார்.

நஸீமா அப்போதுதான் பேசினாள். பினாங்கில் எனக்கு விளக்கம் சொல்வாளே, அதே நிதானம். "எழுதுங்க மேடம். எத்திராஜ் அண்ணா பேர் வந்தா சாவியும் வரணும். சாவி வேணாம்னா அவர் பேரும் வேணாம். அவர் நாளைக்கி வேலைக்கி வரணும். 'சந்தேகத்துக்குரியவை'ன்னு போன மீட்டிங்ல எழுதினத அடிச்சிட்டு, அடிச்ச எடத்துல சாரு கையெழுத்துப் போடணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

கடிகாரப் பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நியாயமாத்தான் படுது" என்றார். அவர் அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான், அதற்காக அவரை மன்னித்தேன்.

குறிப்பு எழுதப்பட்டது. அம்மையார் வாசித்துக் காட்டினார். நீண்ட மின்தடையின்போது கரைசலில் உப்பு சேர்ந்துவிட்டது, நீர்த்தபின் திரவப் படிகத் துளிகள் உறுதிசெய்யப்பட்டன, முந்தைய கருத்து நீக்கப்படுகிறது, பதிவு நீட்டிக்கப்படுகிறது. துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு மைக்ராஸ்கோப்பைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார். அப்போதும் குனியவில்லை.

கான்டீனில் மூவரும் உட்கார்ந்தோம். நஸீமா அவளுடைய அம்மாவுக்குப் போன் செய்து உருதுவில் ஒரே வரி சொன்னாள். அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு எங்களிடம், "வியாழக்கிழமை வரமாட்டேன்னு மாமாகிட்டயும் சொல்லச் சொல்லிட்டேன்" என்றாள்.

எனக்கு வடை இறங்கவில்லை. "அந்த ஆள் பேரை எழுத வெச்சிருக்கணும். வெளியூர்ப் பேராசிரியர் ரெண்டு பேர் சாட்சி இருந்தாங்க. நல்ல சந்தர்ப்பம் போச்சு" என்றேன்.

"எழுதினா இவர் பேரும் வரும்ண்ணா. அப்புறம் விசாரணைன்னு ஒண்ணு வெப்பாங்க. வெச்சா யார் மொதல்ல வெளிய போவாங்க, அவரா, இவரா?"

எத்திராஜ் தன் வடையை உடைத்துச் சட்னியில் தோய்த்தார். "விடுண்ணா. அவருக்கு பென்ஷன் கீது, எனக்கு பைக்குக்கு செயினு மாத்தணும்" என்றார். நஸீமா சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும், "அண்ணா, இனிமே எது அழுவிப்போனாலும் மொதல்ல எனக்கு போன் பண்ணுங்க. நிக்காஹா இருந்தாலும் சரி" என்றாள்.

"உன்னோட நிக்காஹா இருந்தா?"

"அப்பவும்தான்."

அவர்கள் இருவரும் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் போனார்கள். எவ்வளவு உப்பில் வரிசை கலைகிறது என்று கிள்ளுக் கிள்ளாக அளந்து பார்க்க வேண்டுமாம். கண்ணாடிகளை அங்கேயே விட்டுவிட்டேன், டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம். அன்று பிற்பகலே பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை. ஆற்காடு போனது தெரியாது, காஞ்சிபுரம் போனது தெரியாது. கப்பலில் ஒருமுறை கையில் கொதி எண்ணெய் கொட்டியது. அப்போது கூட இவ்வளவு நேரம் எரியவில்லை.

அந்த இரண்டு பேரும் கேட்டது அவர்களுக்குக் கிடைத்துவிட்டது, சரி. அவளுக்குப் பெயர், அவருக்கு வேலை. அவற்றைக் காப்பாற்ற மூன்றாவது ஆளான துறைத் தலைவரையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது. என் கண் பார்த்தது கணக்கில் வராது என்று அவர் சொன்னார். வராவிட்டால் போகட்டும். நான் எந்தக் குழுவிலும் இல்லை, கிழிப்பதற்கு என்னிடம் ஒப்பந்தமும் இல்லை, அதனால் குறிப்பில் விட்டுப்போன வரிகளை நான் எழுதுகிறேன்: ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லாத அந்த ஞாயிற்றுக்கிழமை, ஜெனரேட்டர் சாவி துறைத் தலைவரின் மேசைக்குள் இருந்தது. அறை பூட்டியிருந்தது. போன் அடித்தது. அவர் எடுத்தார்.